மூணு பாட்டு

“ஒரு பயலாவது எட்டிப் பாத்தானாக்கா?”

காலையிலிருந்து தனசீலன் இதே கேள்வியை நாலு தடவை கேட்டுவிட்டான். அக்கா சேசம்மாளுக்கு அலுத்துப் போயிற்று.

“நீதானல அவனுவள விட்டுட்டு வந்தே? நீயே போயி ரெக்கார்டக் குடு.”

“நானா? நான் எதுக்குப் போவணும்?”

அறுபத்தேழாம் வருஷம். தாராவிப் பையன் இங்கிலீஷில் ராக் பாடி ரெக்கார்டு போடுவதென்றால் சும்மாவா? ‘பாடுறது நான், பேரு மட்டும் நாலு பேருக்கா?’ என்று சண்டை போட்டு பேண்டை விட்டு வந்தவன், இதோ முதல் தனி ரெக்கார்டே போட்டுவிட்டான். உறை முழுக்க அவன் முகம்தான்! தெருவே கொண்டாடுகிறது, பழைய கூட்டாளிகளைத் தவிர. பொறாமை, வேறென்ன?

உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, நின்றால் கால் பரபரக்கிறது. ரெக்கார்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஷேக் பரீத் தோல் மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில்தான் பேண்டு பழகுவது வழக்கம். அங்கே டிரம்காரன் வேதமுத்து தன்னந்தனியாக ஒரு மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டிருந்தான். தனசீலனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

“க்யா ரே, நான் போனதும் தகர டின்னுக்கு வந்துட்டியளா?”

வேதமுத்து தட்டுவதை நிறுத்தவில்லை.

“இத வாங்கிக் கேளுல. உங்க தயவு ஒரு பொட்டு இல்லாம பாடினது!”

“இரானி ஓட்டல்ல போட்டான், கேட்டேன். மூணு பாட்டு ஜோரா இருக்கு.”

“நாலாவதுக்கு என்ன கேடு?”

“அதுல டிரம் இல்லியே.”

“அதச் சொல்லாத. அன்னைக்கு மழையில ஸ்டூடியோ டிரம் ஊறிப்போச்சு. வாசிக்க வந்த ஆளு எங்கயோ ஓடி ஒண்ணு இரவல் வாங்கிட்டு வந்தான். மூணாம் பாட்டு முடியவும் அந்த டிரம் ரெண்டாப் பொளந்துட்டு. எந்த தரித்திரம் பிடிச்சவன் குடுத்தானோ!”

“யாருன்னு கேக்கலியா?”

“எனக்கெதுக்கு அது? பாட்டு முடிஞ்சுது, வந்துட்டேன். அது கெடக்கட்டும், உன் டிரம் எங்கல?”

வேதமுத்துவின் கை டின்னின் மேல் நின்றது.

“உன் ரெக்கார்டுல இருக்கு மக்கா. மொத மூணு பாட்டுலயும்.”