தாங்கும் நேரம்

செண்பகவல்லியின் பொறுமைக்கு மிளகாய் வற்றல் சந்தையில் விலை உண்டு: மூட்டைக்கு நாற்பது ரூபாய் கூடுதல். வாங்க வந்தவர் அலுத்துப்போய் அதையும் ஏற்றிக் கேட்கும்வரை அவள் நாற்காலியை விட்டு எழமாட்டாள். வயது ஐம்பது தாண்டியதும் சிறுநீர்ப்பை அந்தப் பிழைப்புக்கே உலை வைத்தது. தும்மினால் சேலை நனைந்தது. அரைமணிக்கொரு தரம் ஓட வேண்டியிருந்தது. டாக்டரம்மா சொன்னபடி காப்பியை விட்டாள், தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடித்தாள், அடிவயிற்றுத் தசையை இறுக்கித் தளர்த்திப் பழகினாள், வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி அடக்கினாள். ஐந்து மாதத்தில் இரண்டு மணி நேரம் கைக்கு வந்தது. இது தெரிந்தவர் கணவர் திருமலை ஒருவர்தான். நேரம் பார்த்து நோட்டில் எழுதியவரே அவர்.

அன்று வற்றல் வாங்க வந்த மில்காரர் குருசாமி நீட்டிய காப்பியை வேண்டாமென்றாள்.

"ஆகாதுன்னு தெரியும்க்கா, சும்மா கேட்டேன். எப்படியும் ரெண்டு மணி நேரந்தானே தாங்குவீங்க? எனக்குச் சாயங்காலம் வரைக்கும் வேலை இல்லை."

அவள் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே திருமலை ஒரு வற்றலைக் கிள்ளி, விதை எண்ணுகிறவர்போல் குனிந்திருந்தார்.

தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து, மூன்று காப்பி குடித்திருந்த குருசாமிதான் முதலில் கொல்லைப்பக்கம் ஓடினார். திரும்பி வந்து அவள் சொன்ன விலைக்கே தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் திருமலை நோட்டை விரித்தார். "நேரம் எவ்வளவு போடட்டும்?"

"குருசாமியையே கேட்டு எழுதிக்குங்க."

அன்றைய வரியில் காப்பி இல்லை, தண்ணீர் அரைத் தம்ளர், கசிவு இல்லை. நேரத்துக்கான கட்டம் மட்டும் பாக்கி நின்றது.