கேப்ஸ் லாக்குக்குக் கிடைத்த புது வேலை

லேப்டாப்பின் இடது ஓரத்தில் இருந்த கேப்ஸ் லாக் விசைக்குக் காலையிலிருந்தே உதறல். எஜமானி பூங்கோதை, எந்த விசைக்கு என்ன வேலை என்பதை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னை யாரும் தொடுறதே இல்லை. இன்னிக்கு என் கதை முடிஞ்சுது," என்று முனகியது.

"பயப்படாதீங்க அண்ணே, நான் இருக்கேன்ல," என்றது பக்கத்து 'ஏ' விசை.

மாற்றி முடித்த பூங்கோதை 'ஏ'யைத் தட்டினாள். திரையில் எழுத்து விழுந்தது. அடுத்து கேப்ஸ் லாக்கை அழுத்தினாள். எழுத்து இருந்த இடம் தெரியாமல் போனது. இனி அழிப்பதுதான் அதற்கு வேலை.

"அப்பாடா, பிழைச்சேன்!" என்று கேப்ஸ் லாக் திரும்பிப் பார்த்தது. 'ஏ' மூச்சுக்கூட விடாமல் ஒடுங்கிக் கிடந்தது.

"என்ன தங்கச்சி, பேச மாட்டேங்கிற?"

"ஒண்ணுமில்லீங்க, ஐயா," என்றது அது.