முனிக்கு நேர்ந்த சேவல்

“பவுனு, துரைக்கு இன்னிக்கு உடம்பு எப்படி இருக்கு?”

கேட்டுக்கொண்டே கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு வந்தார் தம்புசாமி. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த முனியாண்டி கோயிலுக்கு அவர்தான் பூசாரி.

“நல்லாத்தான் இருக்கான்ணே. காலையில லேசா இருமினான், அவ்வளவுதான்” என்றாள் பவுனம்மாள். கையிலிருந்த கொட்டாங்கச்சியிலிருந்து நொய்யரிசியை இறைத்தாள். பெட்டைக் கோழிகள் அவள் காலைச் சுற்றி அடித்துக்கொண்டன.

துரை அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. அடுப்படி வாசற்படியில் ஏறி, மார்பை நிமிர்த்திக்கொண்டு, ஆபீசுக்குப் புறப்படும் வெள்ளைக்காரன் போல நின்றது அந்தச் சேவல். அதனால்தான் அந்தப் பெயர். அதற்குச் சாப்பாடு கீழே இல்லை, பவுனம்மாளின் தட்டிலேதான்.

“இருமினானா? அதைத்தான் பயந்துக்கிட்டே வந்தேன்” என்றார் தம்புசாமி. “கிழடு தட்டிப்போச்சு பவுனு. ஒரு கண்ணுல பூ விழுந்திருக்கு பாரு. முனிக்கு நேர்ந்த உசுரு. அது பாட்டுக்குச் செத்துப்போச்சுன்னா உன் நேர்த்திக்கடன் என்ன ஆகறது?”

பவுனம்மாள் துரையின் காலில் கட்டியிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தாள்.

ரயில்வே பட்டறையில் கூலி வேலை பார்த்த அவள் புருஷன் வேலாயுதம், கடலுக்கு அப்பால் சொந்த ஊரில் தாயாருக்கு முடியவில்லை என்று கப்பல் ஏறியவன். மூன்று மாதத்தில் வருகிறேன் என்றான். கடிதம்கூட வரவில்லை. அப்போது கையளவு குஞ்சாக இருந்த துரையைத் தூக்கிக்கொண்டு போய், காலில் மஞ்சள் துணி கட்டி, முனியாண்டி முன்னால் வைத்து வேண்டிக்கொண்டாள். ‘அவரு என் வீட்டுக்குள்ள காலடி எடுத்து வச்ச மறுநாளே இதை உனக்கு வெட்டுறேன் சாமி.’ அது ஆயிற்று, ஐந்தாறு வருஷம். மூன்று தடவை மஞ்சள் துணியை மாற்றிக் கட்டிவிட்டாள். முட்டை விற்றுத்தான் பிழைப்பு.

“வேற ஒரு சேவலை மாத்திக் கொடுத்தா சாமி ஏத்துக்காதாண்ணே?” மெதுவாகக் கேட்டாள்.

“நல்லா கேட்டே! முனிக்குன்னு சொல்லிக் கட்டினதை மாத்த நாம யாரு? அப்புறம் பொல்லாப்பு உன் புருசன் தலையிலதான் வந்து விடியும்.” தம்புசாமி குரலைத் தணித்தார். “நான் சொல்றதைக் கேளு. இந்த வெள்ளிக்கிழமையே கொடுத்துடுவோம். முன்னாடியே கொடுத்துட்டா, முனியே ஆளை இழுத்துக்கிட்டு வந்துடும்லா.”

“வேணாம்ணே. சொன்னது சொன்னபடிதான். அவரு வந்து உள்ள காலடி வைக்கட்டும். அதுக்கு அப்புறம்தான்.”

பூசாரிக்கு மனம் இளகிப்போயிற்று. இந்தக் காலத்தில் இப்படி ஒருத்தியா!

அவருக்கு என்ன தெரியும்? பொழுது சாய்ந்தால் அந்தப் பலகை வீட்டில் பேச்சுச் சத்தம் கிடையாது. கோழி பிடிக்க வரும் மூசாங்கு என்ற மரநாய்க்குப் பயந்து பெட்டைகளைக் கூண்டில் அடைத்துவிட்டால், பவுனம்மாளுக்குத் துணை துரை மட்டும்தான். அவள் கால்மாட்டில்தான் அது படுக்கும். போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு கிடந்தபோது எட்டிப் பார்க்க ஆள் இல்லை. தலைமாட்டை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தது இதுதான். தனிமை பொல்லாதது. பதில் சொல்லாவிட்டாலும் தலையைச் சாய்த்துக் கேட்க ஓர் உயிர் வேண்டியிருக்கிறது.

“அக்கா! பவுனக்கா!”

அடுத்த வீட்டுச் சீதாலெட்சுமி மூச்சு வாங்க ஓடி வந்தாள். “சேதி தெரியுமாக்கா? எங்கண்ணன் கிள்ளான் பாசார்ல மீன் வாங்கப் போனப்ப உங்க வீட்டுக்காரரைப் பார்த்துச்சாம்!”

பவுனம்மாள் கையிலிருந்த கொட்டாங்கச்சி கீழே விழுந்தது.

“முனியாண்டி!” என்று தலைக்குமேல் கைகூப்பினார் தம்புசாமி. “பேசினானா? என்ன சொன்னானாம்?”

“எங்க பேசினாரு? ‘எப்ப வந்தீங்க, இன்னும் வீட்டுக்குப் போகலையா’ன்னு அண்ணன் கேட்டுச்சாம். ஒரு வார்த்தை பேசாம, முகத்தைத் திருப்பிக்கிட்டுக் கூட்டத்துக்குள்ள போயிட்டாராம்.”

“இளைச்சிருந்தாராமா?” என்றாள் பவுனம்மாள்.

“ரொம்ப இளைச்சிட்டாராம்கா. தலை பூரா நரையாம்.”

பவுனம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கோழிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அப்ப அது அவரா இருக்காது. அவருக்கு ஏது நரை? உங்கண்ணன் ஆள் மாறிப் பார்த்திருக்கும்.”

“அதெல்லாம் போய்ப் பார்த்தாத் தெரிஞ்சிடும்” என்று மேல்துண்டை உதறித் தோளில் போட்டார் தம்புசாமி. “நாளைக்கே நான் கிள்ளானுக்கு ரயில் ஏறறேன். காலைக் கையைப் பிடிச்சாவது உன் வீட்டுல கொண்டாந்து விடறேன்.”

“வேணாம்ணே!”

அவள் போட்ட சத்தத்தில் பெட்டைகள் நாலாபக்கமும் சிதறி ஓடின. அப்புறம் குரல் இறங்கிவிட்டது. “யாரும் போக வேணாம். வர்றவரா இருந்தா அவரா வரட்டும்.”

மானமுள்ளவள், வேறு எப்படிப் பேசுவாள் என்று இரண்டு பேரும் பார்வையாலேயே பேசிக்கொண்டு கிளம்பினார்கள்.

படலைச் சாத்திவிட்டு வந்து பவுனம்மாள் வாசற்படியில் உட்கார்ந்தாள். துரை வழக்கம்போல அவள் மடியில் ஏறிக்கொண்டது. அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

“உன்னை யாருக்கும் கொடுக்க மாட்டேன்டா. அதுக்காகத்தானே, போன மாசம் பெட்டியும் கையுமா வெளியில வந்து நின்ன மனுசன்கிட்ட, வீட்டுக்குள்ள வேற ஆள் இருக்குன்னு சொல்லித் திருப்பி அனுப்பினேன்!”