அக்கரையிலிருக்கும் தானியேலுக்காக

“ஒரே வருஷம், பட்டு. அப்புறம் உன்னையும் இட்டுகினு போயி கடல காட்டுறேன்.”

“கடல்ல இன்னா இருக்குது பாக்குறதுக்கு? நீ திரும்பி வந்தா போதும்.”

ஆம்பூர் ரயிலடியில் பட்டம்மாளும், இலங்கைக்குச் செருப்புத் தைக்கப் புறப்பட்ட அவள் புருஷன் தானியேலும் பேசிக்கொண்டது அது. பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

இப்போதுதான் கடலைக் காட்டிக்கொண்டிருந்தான்.

திருகோணமலைக் கோட்டை மதில்மேல் நின்று வெள்ளைக்காரனின் பீரங்கிகளைக் காட்டினான். மலைகள் வளைத்துக்கொண்ட ஏரிபோலக் கிடந்த துறைமுகத்தைக் காட்டினான். எந்தப் புயலுக்கும் இங்கே கப்பல் அசையாது என்றான். அவள் வாய் திறந்துவிடக் கூடாது என்பதுபோல விடாமல் பேசினான்.

ஒன்றே ஒன்று கேட்கத்தான் அவள் ரயிலும் கப்பலுமாக நான்கு நாள் வந்திருந்தாள். விரல்கள் முந்தானை முடிச்சை அடிக்கடி தொட்டுப் பார்த்தன.

காற்றில் அவன் தோள்பை திறந்துகொண்டது. உள்ளே சின்னதாய் ஒரு ஜோடிச் செருப்பு.

தோல் பதனிடும் தொட்டிகளுக்கு நடுவே வளர்ந்தவள் அவள். பார்த்ததுமே தெரிந்தது. ஆட்டுக்குட்டித் தோல். இரண்டு வயதுக் கால். தையல் அவனுடையதுதான், ஆனால் கடைக்குத் தைக்கிற தையல் இல்லை.

அவர்களுக்குக் குழந்தை கிடையாது.

அவன் பையை மூடினான். அவள் கடலைப் பார்த்தாள்.

“ஊர்ல என்னை யாராச்சும் நெனைக்கிறாங்களா?”

“நெனைக்காமயா? கோயில்ல வாராவாரம் ஜெபம் பண்றாங்க. ‘அக்கரையிலிருக்கும் தானியேலுக்காக’ன்னு. நீ பத்திரமா திரும்பி வரணுமாம்.”

“இன்னமுமா!” அவன் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே வாடியது. கேட்கப்போகிறாள். வெகுநாளாகத் தயாராய் வைத்திருந்த பதிலை ஆரம்பித்தான். “பட்டு, நான் வர்றதுன்னா...”

“உன்ன யாரு கூப்ட்டா?”

முந்தானையை அவிழ்த்தாள். நான்காய் மடித்த வெள்ளைத் தாள், ஒரு துண்டுப் பென்சில். பீரங்கியின் முதுகில் தாளை விரித்து, காற்றில் பறக்காமல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.

“போதகருக்கு ரெண்டு வரி எழுதிக் குடுய்யா. ‘எனக்காக இனிமே ஜெபம் பண்ண வாணாம்’னு. நான் சொன்னா நிறுத்த மாட்றாங்க. வாராவாரம் சபையே என்னைத் திரும்பிப் பாக்குது. நானும் சத்தமா ஆமென் சொல்ல வேண்டியிருக்குது.”