தெளியும் வரை

ஜேசுராஜ் வராந்தாவில் உட்கார்ந்து ஓட்டல் பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே அவன் மனைவி ஞானசௌந்தரி தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் கதவு சாத்தியிருந்தது.

சில நாட்களாக இதே கதைதான். படுக்கையும் வெளியேதான். அணுமின் நிலையத்தில், கதிர்வீச்சுக் கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் பிரிவில் அவனுக்கு வேலை. லீவில் கரையான்சாவடி வீட்டுக்கு வந்திருந்தான்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? 'அங்கேர்ந்து எதையோ ஒட்டிக்கினு வந்துட்டான், பொண்டாட்டியே கிட்ட சேக்கல' என்று குமணன்சாவடி வரை பேச்சு. குழாயடியில் அவன் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடங்களை நகர்த்திக்கொண்டார்கள்.

வீட்டுக்காரர் பக்தவத்சலம் வந்தார். படியேறாமல் கீழேயே நின்றார்.

"அங்க இன்னாதான் பண்றீங்க, ஜேசு?"

"கழிவுத் தண்ணியில மருந்து போடுவோம் அண்ணாத்தே. விஷமெல்லாம் வண்டலா அடியில உக்காந்துடும். தெளிஞ்சத வடிச்சிடுவோம்."

"அந்த மருந்த நீயும் போட்டுக்கறதுதானே?"

"மனுசன் ஒடம்புக்கு அது ஆவாது. தானாத்தான் கொறையணும்."

"அப்ப உன் ஒடம்புல கீது?"

ஜேசுராஜ் மூடிய கதவைப் பார்த்தான். பிறகு ஆமென்று தலையாட்டினான்.

பக்தவத்சலம் கெட்டவர் இல்லை. ரஷ்யாவில் அணு உலை வெடித்ததைப் பேப்பரில் படித்ததிலிருந்து பயந்து கிடந்தார்.

"புள்ளகுட்டிங்க கீற எடம், நைனா. கொறையற வரைக்கும் நீ எங்கனா போய் இரு. அந்தப் பொண்ணு இருக்கட்டும். கழுத்துல ஆபரேசன் பண்ணிகினு வந்துகீது, பாவம். நாங்க பாத்துக்கறோம்."

"யாரும் உள்ள போவ வேணாம் அண்ணாத்தே. நான் பொழங்குன எடம். சாப்பாட்ட ஜன்னல்ல வெச்சா போதும்."

அவர் போனதும் ஜேசுராஜ் பையை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனான். எங்கே போவதென்று அவனுக்கே தெரியவில்லை. கம்பி வழியே கையை நீட்டினான். ஞானசௌந்தரி பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்றாள்.

"ஏங்க அவர்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"ஆபரேசனுக்கு அப்புறம் ஆஸ்பத்திரியில கதிர்வீச்சு மருந்து குடிச்சது நீதான், அது இருக்கறது உன் ஒடம்புலதான்னு தெரிஞ்சா, உன்ன இல்ல சௌந்தரி தொரத்துவாங்க."