சமையல்கட்டுக்குப் பெயிண்ட்

"அடப்பாவி! வாயும் வயிறுமா ஒருத்தி இருக்கற ஆத்துல யாராவது பெயிண்ட் அடிப்பாளாடா?"

கோமளம் போட்ட சத்தத்தில் மயிலாப்பூர் மாடவீதியே திரும்பிப் பார்த்திருக்கும். அவள் பிள்ளை ஸ்ரீநாத் மட்டும் திரும்பவில்லை. சமையல்கட்டு அலமாரிக் கதவுகளைக் கழற்றித் தரையில் போட்டு, உப்புத்தாளால் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அதுவுமா, ஆள் வைக்காமல் தானே!

அவன் மனைவி மாளவிகா கூடத்துச் சுவரோடு ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலாம் மாசம். இதற்கு முன் இரண்டு தடவை கலைந்துபோயிருந்தது. முதல் தடவை, "பஸ்ஸுல அலைஞ்சா தங்குமா?" என்றாள் மாமியார். இரண்டாம் தடவை, "மாடிப்படி ஏறாதேன்னேன், கேட்டாளா?" கல்யாணம், பூணூல் என்று எங்கே போனாலும் இதே பேச்சு. கேட்டுக் கேட்டு, தான்தான் கொன்றுவிட்டோம் என்று மாளவிகாவே நம்ப ஆரம்பித்துவிட்டாள். யாரிடம் சொல்லி அழுவாள்?

இந்தத் தடவை தும்மக்கூடப் பயந்தாள். இவனானால் இப்படி!

"வேண்டாம்னா. மாசமா இருக்கச்சே ஆத்துல ஆணி அடிக்கப்படாது, பெயிண்ட் அடிக்கப்படாது. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்னே?"

அவன் பச்சை எனாமல் டப்பாவை நெம்பித் திறந்தான்.

"குழந்தைக்கு ஏதாவது ஆச்சு, பழி உன் தலையிலதாண்டா!" என்றாள் கோமளம்.

"என் தலையிலேயே இருக்கட்டும். பம்பாய்க்குப் போன் பண்ணி உம்பொண்ணு சாருகிட்டயும் சொல்லு."

சொல்லாமல் விடுவாளா? எஸ்.டி.டி. பூத்துக்கே போய், பெண்ணிடம் ஒப்பாரி வைத்துவிட்டு வந்தாள்.

மாளவிகா அன்று சாப்பிடவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

மறுநாள் செக்கப் என்று அழைத்துப் போனான். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூன்றாவதும் போச்சு.

கட்டில் பக்கத்தில் நின்றவனை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"போயிடுங்கோ. என் முகத்துலயே முழிக்காதீங்கோ."

தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

டாக்டரம்மா வந்து கையைப் பிடித்ததும் வெடித்து அழுதாள். "அவர்தான் டாக்டர் கொன்னுட்டார்! நேத்திக்கு ஆத்துல பெயிண்ட் அடிச்சு..."

"பெயிண்டா? என்னம்மா உளர்றே? துடிப்பு நின்னுபோச்சுன்னு வெள்ளிக்கிழமை ஸ்கேன்லயே தெரிஞ்சுபோச்சு. அவகிட்ட இப்போ சொல்லாதீங்கோ, திங்கக்கிழமை நானே அழைச்சுண்டு வரேன்னு உன் ஹஸ்பண்ட் கெஞ்சினாரே!"

மாளவிகாவுக்கு அழுகைகூட நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமையேவா?

வெளியே வராந்தாவில், பார்க்க வந்த யாரிடமோ கோமளம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவ மேல ஒரு குத்தமும் இல்லை, பாவம். கண்ணா காப்பாத்திண்டு வந்தா. எல்லாம் எம்பிள்ளை பண்ணின வேலை!"