புறங்கைச் சூடு

காட்டுத்தீயைச் சுற்றி வளைத்து ஆறு நாளாகியிருந்தது. வளைப்பது வேறு, அணைப்பது வேறு என்று அணைப்புக் குழுவின் தலைவி எல்லோரிடமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு, சாம்பலில் அடிக்கு அடி புறங்கையை வைத்துப் பார்ப்பாள். சுட்டால் தோண்டி, தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி தொட்டுப் பார்ப்பாள்.

மலைச்சரிவு முழுக்க ஆறிவிட்டது. ஒரு கருகிய அடிமரத்தின் பக்கத்தில் மட்டும் வெதுவெதுப்பு போகவில்லை. நெருப்பின் சூடு இல்லை அது. காய்ச்சல் இல்லாத உடம்பின் சூடு.

“புகையே இல்லக்கா. ‘முழுசா அணைஞ்சிடுச்சு’ன்னு கையெழுத்துப் போட்டா கிளம்பிடலாம்,” என்றார் தண்ணீர் லாரி ஓட்டுநர்.

“கீழ என் தங்கச்சி வீடு இருக்கு. இது ஆறாம போட மாட்டேன். வேணும்னா நீங்க கிளம்புங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே குழாயைச் சுருட்டப் போனார்.

அவள் மண்டியிட்டு, வேர் எரிந்துபோன குழிக்குள் முழங்கை வரை கையை விட்டாள். உள்ளங்கையில் ஏதோ பட்டது. விரல்முட்டிகள் தட்டுப்பட்டன. ஒரு புறங்கை. அது அவள் உள்ளங்கையில் ஓர் இடம், மணிக்கட்டில் ஓர் இடம் என்று நிதானமாக வைத்து வைத்துப் பார்த்தது.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“நல்லாத் தொட்டுப் பாரு,” என்றாள். “ஆறிப்போயிட்டேன்னு நெனச்சியா?”

புறங்கை விலகியது. அடியில் தோண்டும் சத்தம் தொடங்கியது.

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“குழாயைச் சுருட்டாதீங்க!”